ஈஸ்டர் தீவின் மரங்கள் எங்கே போயின? போட்டி விளக்கங்களை எடைபோட ஒரு வழிகாட்டி

தென்கிழக்குப் பசிபிக்கில், சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 2,000 கிலோமீட்டர் சுற்றளவில் அக்கம்பக்கம் என்று சொல்ல மனிதர் வாழும் வேறு தீவே இல்லாத இடத்தில், 164 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்குள்ளவர்கள் தீவையும் தம்மையும் ராப்பா நூயி என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி யாக்கோப் ரொக்கவீன் அதைக் கண்டதால் வெளியுலகம் ஈஸ்டர் தீவு என்கிறது. ஒருகாலத்தில் பனைக் குடும்பத்து மரங்கள் அடர்ந்திருந்த அந்தத் தீவு, ரொக்கவீன் வந்தபோது ஏறக்குறைய மரமற்ற புல்வெளியாகக் கிடந்தது. காரணம் கேட்டால் ஐந்தாறு விடைகள் கிடைக்கும்: மக்கள் பேராசையால் காட்டை வெட்டினார்கள், சிலைகளை உருட்ட மரம் தேவைப்பட்டது, எலிகள் விதைகளைத் தின்றன, வறட்சி வந்தது, உழவுக்காகக் கொளுத்தினார்கள், ஐரோப்பியர் வந்து அழித்தார்கள்.

கட்டுரை எழுதுபவருக்கோ, வகுப்பில் பாடம் நடத்துபவருக்கோ, படித்ததை நம்பலாமா என்று தெளிய விரும்புபவருக்கோ இந்த விடைகளை எப்படி அருகருகே வைத்துப் பார்ப்பது என்று இங்கே சொல்லப் போகிறேன். என் தீர்ப்பையும் ஆங்காங்கே சொல்லிவிடுவேன். அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், சற்றுப் பொறுமை. பேனா வேண்டாம், ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் கேள்வியை உடையுங்கள்

“தீவு ஏன் அழிந்தது?” என்று கேட்டால் நல்ல விடை வராது. அழிந்தது எது என்பதே அந்தக் கேள்வியில் இல்லை. ஆகவே நோட்டில் ஐந்து வரிசைகள் போடுங்கள்: மரம், மண், உணவு, மக்கள், சிலை. ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கட்டங்கள் போதும். இழப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்தச் சான்றால் அது தெரிகிறது, எந்த விளக்கம் அதற்குப் பொருந்துகிறது. ஒருவர் புதிதாக ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்தால், உங்கள் விளக்கம் எந்த வரிசைக்கு என்று கேளுங்கள். பல வாதங்கள் அந்த இடத்திலேயே பாதியாகச் சுருங்கிவிடும். எலி மரத்தைப் பற்றிய வரிசைக்கு உரியது. அது சிலைகளைக் கவிழ்க்கவில்லை. அடிமை வேட்டை மக்களைப் பற்றிய வரிசைக்கு உரியது; அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே காடு போய்விட்டது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எது சரி என்று சண்டையிடும் கட்டுரைகள் ஏராளம்.

நானும் பல ஆண்டுகள் இந்தத் தீவை ஒரே கதையாகத்தான் நம்பியிருந்தேன். கடைசி மரத்தை வெட்டியவன் என்ன நினைத்திருப்பான் என்று கேட்கும் அந்தப் புகழ்பெற்ற கேள்வி அவ்வளவு கவர்ச்சியானது. வரிசைகளைப் பிரித்து எழுதிய பிறகே, அப்படி ஒருவன் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்று விளங்கியது. காடு மறையச் சில நூற்றாண்டுகள் ஆயின. கடைசியில் நின்ற மரம் முதுமையில் தானே சாய்ந்திருக்கவும் கூடும்.

தேதிகளை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐயத்தின் அளவைக் குறியுங்கள்

நோட்டின் அடுத்த பக்கத்தில் ஒரு கோடு வரைந்து நாள்களை இடுங்கள். இரண்டு வகை நாள்கள் வரும். 1722க்குப் பிந்தியவை கப்பல் குறிப்புகளிலும் ஆவணங்களிலும் இருப்பவை. அவற்றை உறுதியாக எழுதலாம். அதற்கு முந்தியவை ஆய்வகத்தில் கணித்தவை. அவற்றைப் புள்ளியாக வைக்காமல் பட்டையாகத் தீட்டுங்கள்.

முதல் குடியேற்றத்தையே எடுத்துக்கொள்ளலாம். பழைய நூல்கள் கி.பி. 400, 800 என்றெல்லாம் சொல்லின. ஆனகேனா கடற்கரையில் அகழ்ந்த டெர்ரி ஹன்ட்டும் கார்ல் லிபோவும் 2006இல், குடியேற்றம் சுமார் 1200இல்தான் நிகழ்ந்தது என்று வாதிட்டார்கள். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மக்கள் 400இல் வந்திருந்தால், காட்டோடு எண்ணூறு ஆண்டு இணங்கி வாழ்ந்துவிட்டுப் பிறகு திடீரென்று அழித்தார்கள் என்று பொருள். 1200இல் வந்திருந்தால், வந்த நாளிலிருந்தே காடு குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கதையின் நல்லவன் கெட்டவனே இந்த ஒரு தேதியால் மாறிவிடுகிறார்கள்.

தேதி ஏன் இவ்வளவு தள்ளாடுகிறது? ரேடியோ கார்பன் முறை, உயிர் நின்ற காலத்தை அளக்கிறது. அடுப்பு எரிந்த காலத்தை அளப்பதில்லை. முந்நூறு வயதான மரத்தின் நடுவைரத்தை ஒருவர் அடுப்பில் வைத்து எரித்தால், அந்தக் கரி அடுப்பைவிட முந்நூறு ஆண்டு பழையதாகக் காட்டும். ஏரி வண்டலில் வேறொரு சிக்கல் உண்டு: கரையிலிருந்து அடித்துவரப்பட்ட பழைய கரிமம் புதிய அடுக்கில் கலந்துவிடும். ஆகவே ஒரு தேதியைப் படிக்கும்போது அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். விதை, சுள்ளி, புல் போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றிலிருந்து வந்த தேதிக்கு இரண்டு மதிப்பெண் தாருங்கள். “கரி” என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால் ஒரு மதிப்பெண் போதும். மொத்த வண்டலிலிருந்து வந்ததென்றால் பட்டையை இன்னும் அகலமாகத் தீட்டுங்கள்.

மரத்தின் வரிசை: சான்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்

தீவில் ஆறுகள் இல்லை. ரானோ காவோ, ரானோ ராராக்கு, ரானோ அரோய் என்ற மூன்று எரிமலைவாய்களில் நீரும் சதுப்பும் உண்டு. ஜான் ஃபிளென்லி 1977 முதல் அவற்றின் அடிவண்டலைக் குழாயிட்டு எடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத்தை எண்ணினார். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பனைக் குடும்ப மகரந்தம் நிறைந்திருந்தது. மேலடுக்குகளில் அது சரிந்து புல்லின் மகரந்தம் ஏறியது. தீவு எப்போதுமே மொட்டையாக இருந்தது என்ற பழைய கருத்து அதோடு முடிந்தது.

இங்கே தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. பனை என்றதும் நம் மனக்கண்ணில் நிற்கும் மரம் இதுவன்று. சிலி நாட்டில் இன்றும் வளரும், கற்கண்டுப் பாகு போன்ற இனிப்புச் சாறு தரும் பருத்த பனையின் உறவு இது. பாஸ்காலோகோகோஸ் டிஸ்பெர்ட்டா என்று 1991இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதன் விதையைப் பார்த்தால் கோலிக்குண்டளவில் குறுகிப்போன தேங்காய் என்றுதான் சொல்லத் தோன்றும். குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், ஓடு கடினம். குகைகளில் கிடைத்த ஓடுகள் பலவற்றின் ஒரு பக்கத்தில் ஒழுங்கற்ற துளை இருக்கிறது. துளையின் விளிம்பில் இணையிணையாக ஓடும் நுண்ணிய கீறல்கள், எலியின் முன்பல் விட்ட தடங்கள்.

எலி விளக்கம் இந்தத் துளையில் தொடங்குகிறது. பாலினீசியர், அதாவது ராப்பா நூயி மக்களின் முன்னோரான பசிபிக் கடலோடிகள், சென்ற தீவுகளுக்கெல்லாம் பாலினீசிய எலியும் சென்றது. ஆனகேனாவின் மிகக் கீழான மனித அடுக்குகளிலேயே அதன் எலும்பு கிடைக்கிறது. வேட்டையாடும் விலங்கு இல்லாத, விதைகள் குவிந்து கிடந்த தீவில் அது சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருகியிருக்கும் என்று ஹன்ட் வாதிட்டார். ஹவாயின் ஓவாஹு தீவில் மனிதர் குடியேறாத சமவெளியிலும், எலி வந்த பிறகு மரங்கள் குறைந்த சான்றை அவர் துணைக்கு அழைத்தார்.

தீ விளக்கம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. தீவின் கிழக்கு முனையான போய்க்கே தீபகற்பத்தில் ஆந்திரியாஸ் மீத், ஹான்ஸ்-ருடோல்ஃப் போர்க் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் மண்ணை வெட்டிப் பார்த்தார்கள். செங்குத்தான மண்சுவரில், கீழே, விரல் தடிமனுள்ள எண்ணற்ற குழல்கள். அவை உளுத்துப்போன பனைவேர்கள் விட்டுச்சென்ற அச்சுகள். அதன்மேல் கரியடுக்கு. கரியில் எரிந்த அடிமரமும் விதையோடும். அதற்குமேல் கிழங்கு நடத் தோண்டிய குழிகளின் தடம். எலி கடித்த ஓடுகள் அங்கே சிறு பங்குதான்.

இந்த இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இடத்தில் நிறுத்தி, சான்று எங்கிருந்து பொறுக்கப்பட்டது என்று கேளுங்கள். குகை என்பது எலி விதையை இழுத்துச்சென்று உட்கார்ந்து தின்னும் இடம். அங்கே கடித்த ஓடுகள் மிகுவதில் வியப்பில்லை. எரிந்த வயலில் எரிந்த ஓடுகள் மிகுவதிலும் வியப்பில்லை. குகையை வைத்துத் தீவு முழுவதற்கும் விழுக்காடு சொல்பவரையும், வயலை வைத்துச் சொல்பவரையும் ஒரே அளவு ஐயத்தோடு படிக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு காரணியும் மரத்தின் வாழ்க்கையில் எந்தப் பருவத்தைத் தாக்குகிறது என்று பாருங்கள். எலி நின்றுகொண்டிருக்கும் மரத்தைக் கொல்லாது. கன்று முளைப்பதைத் தடுக்கும். தீயும் கோடரியும் நிற்கும் மரத்தைக் கொல்லும். ஆனால் விதை எஞ்சினால் காடு திரும்பும். எலி மட்டும் வந்திருந்தால், மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் இந்தப் பனைகள் கன்றில்லாமல் நரைத்து, நூற்றாண்டுக் கணக்கில் ஒவ்வொன்றாகச் சாய்ந்திருக்கும். மனிதர் மட்டும் வந்திருந்தால், கைவிட்ட வயல்களிலாவது கன்றுகள் எழுந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் காடு திரும்பவில்லை என்பது என் தீர்ப்பு. எலி உள்ள பல பசிபிக் தீவுகளில் இன்றும் பனைகள் இருக்கின்றன என்பதையும் எலிக் கட்சியினர் மறக்கக் கூடாது.

மரத்தின் காலப்பட்டை எங்கே முடிகிறது என்பதற்கு நல்ல சான்று அடுப்படியிலிருந்து வருகிறது. கேத்தரின் ஓர்லியாக் பழைய அடுப்புகளின் கரித்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, எந்தச் செடி எரிந்தது என்று இனங்கண்டார். பனையைத் தவிர இருபதுக்கும் மேற்பட்ட மர, புதர் வகைகள் தீவில் இருந்தது அதனால் தெரியவந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு விறகின் இடத்தைப் புல் பிடித்துக்கொள்கிறது. சமைக்க விறகு கிடைக்காத வீட்டின் நிலை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே மரத்தின் வரிசையில் சுமார் 1250 முதல் 1650 வரை ஒரு நீண்ட பட்டை தீட்டலாம்.

இந்த வரிசையை மூடுமுன், தீவின் இயல்பையும் ஓரத்தில் எழுதுங்கள். பாரி ரோலெட்டும் ஜாரெட் டைமண்டும் 2004இல் 69 பசிபிக் தீவுகளை ஒப்பிட்டு, மழை, வெப்பம், தீவின் வயது, எரிமலைச் சாம்பலும் காற்றில் வரும் தூசியும் மண்ணுக்குத் தரும் உரம் முதலியவை காடழிவை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று கணித்தார்கள். ஈஸ்டர் தீவு அந்த அளவுகோல்களில் மிக நலிந்த தீவுகளுள் ஒன்று. அதே உழவும் அதே தீயும் வளமான தீவில் காட்டை விட்டுவைத்தன. மறு ஆண்டே வெளிவந்த தம் நூலில், தன் சுற்றுச்சூழலைத் தானே அழித்த சமுதாயத்துக்கு இத்தீவையே முதன்மை எடுத்துக்காட்டாக்கினார் டைமண்ட். என் பார்வையில் அவருடைய வலுவான பங்களிப்பு முந்தைய ஒப்பீடுதான். புகழ் பெற்றது என்னவோ பிந்தையது.

சிலைக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பைத் தனியே சோதியுங்கள்

மோவாய் என்பது இந்தக் கற்சிலைகளுக்குத் தீவினர் சொல்லும் பெயர். தமிழில் எழுதினால் அது முகவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது; நீண்ட முகவாய் கொண்ட அந்தச் சிலைகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் சிலைகள். பெரும்பாலானவை ரானோ ராராக்கு மலையின் சாம்பற்பாறையில் செதுக்கப்பட்டவை. அவற்றில் பல கடற்கரை மேடைகளுக்குக் கொண்டுபோகப்பட்டன.

“சிலைக்காகக் காட்டை அழித்தார்கள்” என்ற கூற்று ஒரு சங்கிலி. சிலைகளை நகர்த்த மரம் வேண்டும், வேண்டிய மரம் மிகப் பல, அந்த எண்ணிக்கை காட்டை அழிக்கப் போதும் என்ற மூன்று கண்ணிகள் அதில் உண்டு. ஒவ்வொரு கண்ணியையும் தனியே இழுத்துப் பாருங்கள். சிலைகள் நடந்து சென்றன என்பது தீவினரின் மரபு. 2012இல் ஹன்ட், லிபோ குழுவினர் 4 டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றை நிறுத்தி, மூன்று கயிறுகள் கட்டி, 18 பேர் இருபுறமும் மாறிமாறி இழுக்க, பீரோவை மூலைக்கு மூலை அசைத்து நகர்த்துவதுபோல் நடக்கவைத்தார்கள். அது எல்லாச் சிலைகளும் அப்படித்தான் சென்றன என்று நிறுவாது. 10 மீட்டர் உயரச் சிலைக்கு அது சரிப்படுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மரம் கட்டாயம் என்ற முதல் கண்ணி அதோடு தளர்ந்துவிட்டது. மூன்றாம் கண்ணி எப்போதுமே வலுவற்றதுதான். ஆயிரம் சிலைகளை நூற்றாண்டுக் கணக்கில் நகர்த்தத் தேவைப்படும் உருளைகள், வயலுக்காக எரிந்த காட்டின் முன் மிகச் சிறிய தொகை.

சிலைகள் கவிழ்ந்த காலமும் காட்டின் காலத்தோடு பொருந்தவில்லை. 1722இல் தீவினர் சிலைகளின் முன் தீ மூட்டி வணங்கியதாக டச்சுக்காரர்கள் எழுதினார்கள். 1774இல் ஜேம்ஸ் குக் வந்தபோது சில கவிழ்ந்து கிடந்தன. மேடைமீது நிற்கும் சிலைகளைக் கடைசியாகக் கண்ட குறிப்பு 1838ஐச் சேர்ந்தது. காடு முடிந்து நூறாண்டுக்குப் பிறகே கவிழ்ப்பு ஆவணத்தில் தெரிகிறது. கவிழ்ப்புக்குப் பூசல் காரணமாக இருக்கலாம். ஆனால் அது மரப் பஞ்சத்தின் நேர் விளைவு என்று சொல்ல இடையில் உள்ள நூறாண்டை விளக்கியாக வேண்டும்.

போர் என்றதும் காட்டப்படுவது மாட்டா என்ற எரிமலைக் கண்ணாடிக் கருவி. அதை ஈட்டிமுனை என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2016இல் 400க்கும் மேற்பட்ட மாட்டாக்களின் வடிவத்தை அளந்தபோது, குத்துவதற்கு ஏற்ற ஒரே வடிவத்தை அவை நோக்கவில்லை என்று தெரிந்தது. செடி நறுக்கவும் சீவவும் பயன்பட்ட அரிவாள்மணை வகைப் பொருள் என்று கொள்வதே பொருத்தம். வன்முறை நிகழவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மாட்டாவின் எண்ணிக்கையைப் போரின் அளவாகக் கொள்ளாமல் இருந்தால் போதும்.

உணவும் மண்ணும்: இழப்போடு ஈடுகட்டலையும் எழுதுங்கள்

ஆனகேனாவின் கீழடுக்குகளில் டால்பின் எலும்பும் நிலப்பறவை எலும்பும் மிகுதி. மேலே வர வர அவை குறைகின்றன. ஆழ்கடலுக்குப் போகப் பெரிய படகு வேண்டும், படகுக்கு மரம் வேண்டும். ரொக்கவீன் கண்ட படகுகள் சிறு சிறு பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. நீர் ஒழுகிக்கொண்டே இருந்ததால் துடுப்புப் போடும் நேரத்தில் பாதி நீரை இறைப்பதில் போயிற்று. மர இழப்பு உணவுக்குள் நுழைந்த வழி இது, ஐயமில்லை.

ஆனால் உணவின் வரிசையில் இன்னொரு பதிவும் வேண்டும். தீவினர் வயல்களில் கல்லைப் பரப்பினார்கள். கைமுட்டியளவும் தலையளவும் உள்ள எரிமலைக் கற்களை மண்ணின்மேல் அடுக்கி, அவற்றின் இடுக்கில் சர்க்கரைவள்ளியை நட்டார்கள். மரமில்லாத தீவில் ஓயாமல் அடிக்கும் கடற்காற்றைக் கல் தடுக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, இரவுக் குளிரைத் தணிக்கிறது, தேய்ந்து தேய்ந்து சத்தையும் தருகிறது. வாழையும் சேம்பும் காற்றுக்கு மறைவாக வட்டக் கற்சுவருக்குள் வளர்ந்தன. கல்லைச் சுமந்து வயலில் போடும் உழவர், நம் ஊரில் கல் பொறுக்கும் உழவருக்கு விந்தையாகத் தெரியலாம். பட்டினியால் செயலிழந்த சமுதாயம் இவ்வளவு கல்லைச் சுமந்திருக்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு வேதியியல் ஆய்வுகளும் புரதத்தில் ஏறத்தாழப் பாதி கடலிலிருந்தே தொடர்ந்து வந்ததைக் காட்டுகின்றன.

வறட்சியை இந்த வரிசையில் வைப்பதே முறை. ரானோ ராராக்கு ஏரி வண்டலில் சில காலங்களுக்குரிய அடுக்குகளே இல்லை. ஏரி வற்றியதன் அடையாளமாக அதைக் கொள்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மழை நீண்டகாலம் குறைந்தது என்று அண்மைய வண்டல் ஆய்வு சொல்கிறது. காட்டின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதால், வறட்சியைத் தொடக்கக் காரணமாக்க முடியாது, நடந்துகொண்டிருந்ததை விரைவாக்கியிருக்கலாம். அதற்கு முன் முப்பதாயிரம் ஆண்டுகளில் வந்த வறட்சிகளை அதே பனைகள் தாங்கி நின்றன என்பது என்னைப் பொறுத்தவரை தீர்க்கமான வாதம்.

தீவு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருந்ததாக எண்ணிவிடவும் கூடாது. கிறிஸ்டோபர் ஸ்டீவன்சன் குழுவினர் 2015இல் மூன்று இடங்களை ஒப்பிட்டபோது, மழை மறைவான வடமேற்கிலும் சத்துக்குறைந்த உயர்நிலத்திலும் சாகுபடி ஐரோப்பியர் வருமுன்பே தளர்ந்திருந்தது. மழையும் மண்ணும் வாய்த்த பகுதியில் அது வெகுகாலம் தொடர்ந்தது. உங்கள் ஆசிரியர் எந்த மூலையில் அகழ்ந்தார் என்று பாருங்கள். அவருடைய முடிவு பெரும்பாலும் அந்த மூலையின் முடிவாக இருக்கும்.

மக்கள்: வீழ்ச்சியைக் கேட்கும் முன் உச்சத்தைக் கேளுங்கள்

வீழ்ச்சி என்பது கழித்தல் கணக்கு. 1722இல் சில ஆயிரம் பேர் இருந்தனர் என்று கொள்வோம். உச்சத்தில் 15,000 பேர் இருந்ததாக வைத்தால் பெருவீழ்ச்சி. 3,000 பேர் என்றால் வீழ்ச்சியே இல்லை. சண்டை முழுவதும் முதல் எண்ணில் இருக்கிறது, அந்த எண்ணை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இத்தனை சிலைகளுக்கு இத்தனை ஆள் வேண்டும், இத்தனை வயலுக்கு இத்தனை வாய் இருந்திருக்கும் என்ற ஊகங்களே அதன் அடிப்படை. கல் பரப்பிய வயல்கள் 4 முதல் 21 சதுர கிலோமீட்டர் வரை இருக்கும் என்று முன்பு மதிப்பிட்டார்கள். 2024இல் செயற்கைக்கோள் படங்களைக் கணினியால் அலசியபோது அந்தப் பரப்பு 0.76 சதுர கிலோமீட்டர்தான் என்று வந்தது. அதற்கேற்ப மக்கள்தொகை மதிப்பீடும் சுமார் 3,000ஆகச் சுருங்கியது. ஆனால் கல் பரப்பாத வயலிலும் விளைச்சல் உண்டு. ஆகவே இந்தப் புதிய எண்ணையும் முடிந்த முடிவாக எழுதாதீர்கள்.

கப்பல் தலைவர்களின் எண்ணிக்கைகளை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு பயிற்சி. 1770இல் வந்த ஸ்பானியர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றார்கள். 1774இல் குக் 600, 700 என்றார். 1786இல் லா பெரூஸ் 2,000 என்றார். இவற்றை வரைபடமாக இட்டால் மக்கள் நான்கு ஆண்டில் மூன்றிலொரு பங்கு மாண்டு, பன்னிரண்டு ஆண்டில் மும்மடங்கானதாக வரும். மனிதர் அப்படிப் பெருகுவதில்லை. குக் கண்ட கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு. 1722இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கிய அன்றே சுட்டுப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொன்றிருந்தார்கள். அடுத்துவந்த கப்பல்களைக் கண்டு மக்கள் ஒளிந்துகொண்டதில் வியப்பென்ன? தீவெங்கும் எரிமலைக் குகைகள் உண்டு. அந்த எண்கள் சொல்வது கரைக்கு வந்தவர்களின் தொகை மட்டுமே.

கூடுதல் எடையுள்ள சான்று 2024இல் வந்த மரபணு ஆய்வு. பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த 15 ராப்பா நூயி மனிதரின் எச்சங்களிலிருந்து முழு மரபணுத் தொகுதியை எடுத்து, அவர்களின் முன்னோர் தொகை எப்படி ஏறி இறங்கியது என்று கணித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் மக்கள் பெருமளவில் மாண்டிருந்தால், மரபணு வேறுபாடு குறுகிப்போன தடம் இருக்க வேண்டும், அது இல்லை. அதே ஆய்வு, சுமார் 1250க்கும் 1430க்கும் இடையில் அமெரிக்கப் பழங்குடியினரோடு கலப்பு நிகழ்ந்ததையும் காட்டியது. கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே பெருங்கடலைக் கடந்த உறவு அது. பெரிய வீழ்ச்சியை இந்த முறை கண்டுபிடித்துவிடும். மெதுவான சிறு தேய்வு அதன் கண்ணுக்குத் தப்பலாம்.

ஆவணத்தில் உள்ள வீழ்ச்சியோ ஐயத்துக்கு இடமில்லாதது. 1862 இறுதியில் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் சுமார் 1,400 முதல் 1,500 பேரைக் கொண்டுபோயின. எதிர்ப்பு எழுந்து திருப்பி அனுப்பியபோது உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 15 பேர் அளவே. அவர்களோடு பெரியம்மையும் வந்தது. எஞ்சியவர்களில் பலர் மேலும் டஹீட்டி, மங்கரேவா என்ற வேறு பசிபிக் தீவுகளுக்குப் போய்விட, 1877இல் தீவில் இருந்தவர்கள் 111 பேர். வாய்மொழி மரபு பெரும்பாலும் இதன் பிறகே எழுதப்பட்டது என்பதை மறவாதீர்கள். ரொங்கோரொங்கோ என்ற தீவின் எழுத்துப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். பழைய பூசல்களைப் பற்றிய கதைகளை ஒதுக்க வேண்டாம். அவற்றில் சொல்லப்படும் காலத்தை மட்டும் கதையை வைத்தே தீர்மானிக்க வேண்டாம்.

மண்ணின் வரிசையில் இரண்டு பட்டைகள் வரும். ஒன்று காடெரித்த உழவின் காலத்தது. மற்றது ஆட்டின் காலத்தது: 1888இல் சிலி தீவை இணைத்துக்கொண்ட பின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1953 வரை தீவு ஒரு தனியார் கம்பெனியின் ஆட்டுப் பண்ணையாக இருந்தது. 70,000 வரை ஆடுகள் மேய்ந்தன. மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் வேலியிட்டு அடைக்கப்பட்டனர். தோரோமிரோ என்ற சிறு மரம் இயற்கையில் அற்றுப்போனது 1960ஐ ஒட்டித்தான்; நோர்வே ஆய்வாளர் ஹேயர்டாலின் குழுவினர் 1950களில் கொண்டுபோன விதைகளால் தாவரவியல் பூங்காக்களில் அது பிழைத்திருக்கிறது. போய்க்கேயின் சிவந்து அரித்த சரிவைப் படம்பிடித்து, “முன்னோர் செய்த அழிவு” என்று தலைப்பிட்டிருந்தால், அந்தப் படத்தில் ஆட்டுக் குளம்புக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுவிடுங்கள்.

அழிப்பானை அருகில் வைத்திருங்கள்

கட்டங்கள் நிறைந்த பிறகு, எந்தப் புதிய சான்று வந்தால் எதை மாற்றுவேன் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். இடைவெளியில்லாத ஏரி வண்டலில், குறுகிய ஆயுள் பொருள்களால் காலம் கணித்து, 1000க்கு முன்பே பனை சரியத் தொடங்கியது என்று காட்டினால், குடியேற்றக் காலமும் எலியின் பங்கும் இரண்டுமே மாறும். வறட்சியின் உச்சத்தில் எரியாத, கடிபடாத மரங்கள் தீவெங்கும் ஒரே காலத்தில் பட்டுப்போன தடம் கிடைத்தால், மழையை நான் முதல் இடத்துக்கு நகர்த்துவேன். மரபணு ஆய்வின் 15 பேரும் சுமார் 1670க்கும் 1950க்கும் இடையில் வாழ்ந்தவர்கள்; அதற்கும் முந்தைய தலைமுறைகளின் எலும்புகளை, தீவினரின் இசைவோடு, ஆராய முடிந்தால் உச்ச எண்ணிக்கை பற்றிய ஊகத்துக்கு முதன்முறையாக நேர்ச்சான்று வரும். அதுவரை என் நோட்டில் மக்களின் வரிசையில் 1862 உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.